தேர்நாளில் எரிந்த பள்ளிக்கூடம்

ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஏதோ ஒரு நாள் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஹீட்டர்கள் முதன்முதலாகச் சூடேறும்போது, கோடை முழுவதும் அவற்றின் தகடுகளில் படிந்து கிடந்த தூசி கருகி, சுவரோரமாக ஒரு தீய்ந்த வாடை எழும்பி அரைமணி நேரம் வீட்டில் நிற்கும். எங்களுக்கு அது குளிர்காலம் வருகிறது என்பதற்கான அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனால் அப்பப்பா ரொறன்ரோவுக்கு வந்த முதல் ஒக்டோபரில், அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொரு சுவராகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, "என்னவோ எரியுது, என்னவோ எரியுது" என்று சொல்லியபடி வீடு முழுக்க நடந்தார். அம்மா எவ்வளவு விளக்கியும் அவர் சுவர்களைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்த வெகுநேரம் பிடித்தது. எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் வெக்ஸ்போர்டில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தோம். அப்பா ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். அப்பப்பா அவருடைய தகப்பனார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பம்மா இறந்த பிறகு தனியே இருக்க வேண்டாமென்று அப்பா அவரை அழைப்பித்திருந்தார். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் வெள்ளை வேட்டிதான் கட்டுவார். இளம் வயதில் பத்து ஆண்டுகள் கதரைத் தவிர வேறெதுவும் உடுத்தவில்லை என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று.

அவருக்கு இன்னும் பெருமைகள் இருந்தன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, வெள்ளைக்காரன் போக வேண்டும், சீமைத் துணி வேண்டாம், சாதி ஒழிய வேண்டும் என்று பேசித் திரிந்ததையும், சந்தி மேடைகளில் தான் பேசியதையும், எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்ட "சமபந்தி"யில் தான் இலை போட்டதையும் அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகியிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "எங்கடை ஐயா அந்தக் காலத்திலையே சாதி பாக்காதவர்."

வீட்டுக்கு யார் வந்தாலும் என்று எழுதினேனே தவிர, அந்நாட்களில் யாரும் வருவதற்கு இந்த நகரத்தில் தமிழர் எங்கே இருந்தார்கள்? சுரங்க ரயிலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் அப்பா பெட்டி மாறி ஓடிப்போய்ப் பக்கத்தில் அமர்ந்து, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டு, இறங்குவதற்குள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்துவிடுவார். அப்படி வார்டன் ஸ்டேசனில் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் ஆறுமுகம் அங்கிள். ஐம்பது வயது தாண்டியவர். இளமையில் கப்பலில் சமையல்காரராக இருந்து, லண்டனில் சில காலம் வாழ்ந்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். தனியாள். லண்டனிலிருந்து ஒரு நண்பர் அவருக்குக் காயவைத்த கறிவேப்பிலையைத் தபாலில் அனுப்புவார். அதில் சரிபாதியை ஒரு கடித உறையில் போட்டு எங்களுக்குக் கொண்டுவருவார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போக அது ஒன்றே போதுமாயிருந்தது.

முதல் ஞாயிறு மேசையில் அமர்ந்து எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அப்பப்பா வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "எந்த இடம் தம்பி?"

"உங்கடை ஊர்தான்."

"ஊரிலை ஆரின்ரை மகன்?"

ஆறுமுகம் அங்கிள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கந்தையான்ரை மகன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை, பனங்கூடலுக்குள்ளை இருந்தனாங்கள்."

அப்பப்பா எழுந்து அறைக்குள் போனவர் அன்று வெளியே வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா எங்கள் எல்லோருக்கும் வழக்கமான கோப்பைகளில் தேநீர் ஊற்றி, ஆறுமுகம் அங்கிளுக்கு மட்டும், என் பிறந்தநாளுக்கு வாங்கி மீந்திருந்த, பலூன் படம் போட்ட கடதாசிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். அது விசேட விருந்தினருக்கான மரியாதை என்று நினைத்து எனக்கும் அதில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா ஒருநாளும் இல்லாதபடி என் கையில் அடித்தார். அங்கிள் அந்தக் கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்; தேநீர் முழுவதையும் குடித்தார்; பிறகு எழுந்து தானே அதைக் குப்பைவாளியில் போட்டுவிட்டு வந்து, என்னிடம் பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். அவர் போன பிறகு அறைக்குள் அப்பாவின் தாழ்ந்த குரலும் அப்பப்பாவின் குரலும் கேட்டன. "இது கனடா, ஐயா." "நான் ஆரையும் வரவேண்டாமெண்டு சொல்லேல்லை. அவன் குடிச்ச கோப்பையிலை எனக்குக் குடிக்கேலாது. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகும் ஆறுமுகம் அங்கிள் ஞாயிறு தவறாமல் வந்தார். அதைத்தான் அம்மாவால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கடதாசிக் கப்பில் குடித்துக்கொண்டு, அப்பப்பாவின் மூடிய அறைக் கதவுக்கு நேரே உள்ள கதிரையில் அமர்ந்திருப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் என் வகுப்பு ஆசிரியை எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் சொல்வதைப் பதிந்துகொண்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்தின் "ரேப் ரெக்கோடர்" முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் சில நாட்கள் போனது. செங்கல்லைப் போல் கனத்த அந்தப் பெட்டியை ஒரு வெள்ளிக்கிழமை மார்போடு அணைத்துக்கொண்டு பனிக்குள்ளால் நடந்து வந்தேன். சனிக்கிழமை காலை அப்பப்பா நன்றாகச் சவரம் செய்து, சால்வை போட்டுக்கொண்டு, மேடையில் நிற்பவர்போல் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசினார். கதர், சந்திக் கூட்டம், சமபந்தி எல்லாம் வந்தன. கடைசியாக நான் முன்பு கேட்டிராத ஒன்றையும் சொன்னார். அதுவரை நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு "வாங்கு" என்ற நீள இருக்கையில் இருக்கலாம், எல்லோருக்கும் "சம ஆசனம்" என்று அரசாங்கம் கட்டளையிட்டபோது, ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாளில், இருபத்திரண்டு வயது வாத்தியாராக இருந்த தானே அந்தப் பிள்ளைகளைக் கைப்பிடித்து எழுப்பி வாங்கில் இருத்தியதாகச் சொன்னார். அத்தோடு நிறுத்திவிட்டு, "காணும், நிப்பாட்டு" என்றார். அப்பா பெருமையில் என் தலையைத் தடவினார்.

மறுநாள் ஞாயிறு. அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தார்கள். அன்று ஆறுமுகம் அங்கிள் சற்று முன்னதாகவே வந்துவிட்டார். காட்டுவதற்கு என்னிடம் புதிதாக ஒன்று இருந்ததால், அவரைக் கதிரையில் இருத்தி, ரேப்பைப் போட்டேன். அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல், முழங்கால்களில் கையூன்றியபடி முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "ஓம்," என்றார். "என்னைத்தான் முதல் இருத்தினவர். வலக்கையைப் பிடிச்சு எழுப்பினவர். எனக்கு எட்டு வயசு. பக்கத்திலை இருந்த பொடியன் எழும்பி ஓடினவன்."

அங்கிள் மூடிய கதவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வாத்தியார், மிச்சத்தையும் சொல்லலாமே."

கதவு திறந்தது. அப்பப்பா வாசலில் நின்றார். அந்த முதல் ஞாயிறுக்குப் பிறகு ஒருமுறைகூட அவர்கள் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. இப்போது அப்பப்பா மெதுவாக வந்து எதிரே அமர்ந்தார்.

அன்று அவர்கள் பேசியதெல்லாம் எனக்கு அப்போதே விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் வாங்கில் இருத்தப்பட்ட சில கிழமைகளில் கோயிலில் தேர்த் திருவிழா வந்தது. ஊர் முழுவதும் தேர்வடத்தில் நின்ற பட்டப்பகலில் பள்ளிக்கூடம் எரிந்தது. கோயில் வீதிக்குள் கால்வைக்க அனுமதியில்லாத குடிகள் மட்டும்தான் அன்று பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்தார்கள். பனங்கூடலுக்குள்ளிருந்து புகையைக் கண்ட கந்தையா, மகனுடைய சிலேட்டும் புத்தகமும் உள்ளே இருக்கின்றன என்று ஓடிப்போய், எரிந்துகொண்டிருந்த கூரைக் கிடுகுகளை வெறுங்கையால் இழுத்து விழுத்தினார். ஊர் திரும்பி வந்தபோது வெந்த கைகளோடு அங்கே நின்றவர் அவர் ஒருவர்தான். அந்தக் கைகளையே சாட்சியாக வைத்து அவரைப் பிடித்துப் பொலிசில் கொடுத்தார்கள்; வழக்குக் கோர்ட்டுக்குப் போனது.

"கோட்டிலை உங்களைக் கூப்பிட்டுக் கேட்டவை," என்றார் அங்கிள். "எங்களுக்காகப் பேசின ஒரே ஆள் நீங்கள். நீங்கள் சொன்னா நம்பியிருப்பினம். அப்பு உங்களையே பாத்துக்கொண்டு நிண்டவர்." அப்பு என்று அவர் தன் தகப்பனைச் சொன்னார். "நீங்கள் ஒண்டும் காணேல்லை எண்டு சொன்னனீங்கள்."

அப்பப்பா தன் கைகளைப் பார்த்தார். "என்ரை அண்ணர்," என்றார். "அவரும் இன்னும் ரெண்டு பேரும். தேர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வாறதுக்கு முன்னம் அண்ணர் கிணத்தடியிலை நிண்டு கை கழுவினவர். மண்ணெண்ணெய் மணம். நான் தண்ணி அள்ளி ஊத்தினனான்." பிறகு, "நான் வாயைத் திறந்திருந்தா அண்ணர் மறியற்சாலைக்குப் போயிருப்பார்" என்றார்.

"என்ரை அப்பு போனவர்."

கந்தையா இரண்டு வருடம் சிறையில் இருந்தார். இருமலோடு திரும்பி வந்து, அடுத்த மாரி முடியுமுன் இறந்துபோனார். தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டாள். புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தில் ஆறுமுகம் படிக்கவில்லை; வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் இஞ்சை வந்தது நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான்," என்றார் அங்கிள். "மன்னிப்பொண்டும் வேண்டாம். அப்பு எரிக்கேல்லை எண்டு உங்கடை வாயாலை ஒருக்காச் சொன்னாக் காணும்." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, உந்த ரேப்பை மறுபக்கம் திருப்பிப் போடு" என்றார்.

நான் ரேப்பைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் மற்றதையும் சேர்த்து அழுத்தினேன். அது சுழலத் தொடங்கியது. அப்பப்பா கிணற்றடியைச் சொன்னார். அண்ணரின் பெயரைச் சொன்னார். கோர்ட்டில் தான் சொன்ன பொய்யைச் சொன்னார். நேற்றைய மேடைக் குரல் அதில் இல்லை. கடைசியில், "கந்தன் எரிக்கேல்லை" என்றார்.

"கந்தையா," என்றார் அங்கிள். "கோட்டிலை எழுதினதுதான் கந்தன்."

"ஐயா" சேர்ந்த அந்த ஒரு பெயரைச் சொல்ல அப்பப்பா பட்ட பாட்டை நான் பார்த்தேன். பொய்யை ஒத்துக்கொள்வதைக் காட்டிலும் அது அவருக்குக் கடினமாக இருந்தது. "கந்தையா எரிக்கேல்லை," என்றார். ஆறுமுகம் அங்கிள் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அப்பாவும் அம்மாவும் பைகளோடு உள்ளே வந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள். அங்கிள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, உந்த ரேப்பிலை எனக்கு ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ" என்றார். விபரம் எதுவும் தெரியாமலேயே அப்பா, "அதுக்கென்ன அண்ணை, வாற ஞாயிறு தாறன்" என்றார்.

அன்று பின்னேரம் அப்பா அந்தப் பக்கத்தைத் தனியாக இருந்து கேட்டார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். என்னைப் பக்கத்தில் இருத்தி, பெரிய ஆள் ஒருவரிடம் பேசுவதுபோல் பேசினார். "அப்பப்பான்ரை அண்ணர், எங்கடை பெரியையா, செத்துப்போனார். அவரின்ரை பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாம் ஊரிலை இருக்கினம். உது வெளியிலை போனா அவையள் தலை நிமிந்து நடக்கேலாது. அப்பப்பாவையும் சனம் என்ன சொல்லும்?" பிறகு சொன்னார்: "அழிக்க எனக்குத் தெரியேல்லை பிள்ளை. நீதானே உந்த மிசினைப் பாவிக்கப் படிச்சனி."

அப்பாவுக்கு உண்மையாகவே தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழிப்பது வெகு சுலபம். அந்தப் பக்கத்தைத் தொடக்கத்துக்குச் சுற்றி, எவரும் பேசாத ஓர் அறையில் வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பப்பாவின் அறையைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு, ரேப் ஓடி முடியும்வரை முப்பது நிமிடம், மூச்சுச் சத்தமும் பதிந்துவிடக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அதன் முன்னால் அமர்ந்திருந்தேன்.

அந்தக் கிழமை வகுப்பில் எல்லோருடைய பதிவுகளையும் கேட்டோம். ஒரு பையனின் தாத்தா வேலை தேடிச் சரக்கு ரயில்களின் கூரையில் படுத்துப் புல்வெளி மாகாணங்களைக் கடந்த கதையைச் சொன்னார். இத்தாலியப் பெண்ணொருத்தியின் பாட்டனாரை, கட்சிப் பாட்டுப் பாட மறுத்ததற்காகக் பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்கள் நடுத்தெருவில் வைத்து விளக்கெண்ணெய் குடிக்க வைத்திருந்தார்கள். உக்ரேனிலிருந்து வந்த ஒரு கிழவியின் பதிவில் பெயர்கள் மட்டுமே இருந்தன. பஞ்சத்தில் இறந்த தன் சகோதரர்கள் ஆறு பேரின் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு, அவர் வேறு எதுவும் பேச மறுத்திருந்தார். அடுத்தது என்னுடையது. அப்பப்பாவின் குரல் ஒலிக்க ஒலிக்க நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். வாங்கில் பிள்ளைகளை இருத்திய இடம் வந்ததும் ஆசிரியைக்குக் கண் கலங்கியது. துணிச்சலான மனிதர் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு வகுப்பிலேயே அதிகப் புள்ளி.

ஞாயிறு ஆறுமுகம் அங்கிள் வந்தார். உள்ளே வராமல் கதவடியிலேயே நின்றார். அப்பா, "ரேப் பழுதாப் போச்சுதண்ணை, மிசினுக்குள்ளை சிக்குப்பட்டுப் போச்சு" என்றார். அங்கிள் அப்பாவின் தோளுக்கு மேலால் கூடத்தைப் பார்த்தார். அப்பப்பாவின் கதவு மூடியிருந்தது. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கடித உறையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் கறிவேப்பிலை இருந்தது. அம்மா அதைச் சமைக்கவில்லை, எறியவும் இல்லை.

அப்பப்பா அதற்குப் பிறகு தன் பழைய கதைகளைச் சொல்வதை விட்டுவிட்டார். சாப்பாடு குறைந்தது. பனி கரைவதற்கு முன்பே, மாசி மாதத்தில், நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவருடைய உடலை வைத்திருந்த மண்டபத்துக்கு வந்தவர்கள் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆறுமுகம் அங்கிள். யார் சொல்லி அறிந்தாரோ தெரியாது. பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பும்போது, வாசலில் தொங்கிய குளிர்க் கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் குனிந்து கேட்டார்:

"பிள்ளை, ரேப் பழுதாப் போனதோ, அழிச்சதோ?"

அப்பா நாலடி தள்ளி நின்றார். நான், "பழுதாப் போச்சு அங்கிள்" என்றேன்.

அவர் என் கன்னத்தில் கைவைத்தார். "சரி பிள்ளை" என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

இவையெல்லாம் நடந்து அரை நூற்றாண்டு ஆகிறது. இன்று இந்த நகரத்தில் ரயிலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டு யாரும் பெட்டி மாறி ஓடுவதில்லை. அப்பாவும் அம்மாவும் மிசிசாகாவுக்கு வீடு மாறி, அங்கேயே வாழ்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். ஆறுமுகம் அங்கிள் வேலை செய்த ஆஸ்பத்திரி இடிக்கப்பட்டுவிட்டது. பெரியவளானதும் அவரைத் தேடினேன்; சமையற்கட்டில் அவரோடு வேலை செய்த ஒருவர், அவர் வெகுகாலத்துக்கு முன்பே இறந்துவிட்டதாகவும், உறவினர் என்று யாரும் வரவில்லை என்றும் சொன்னார். புதைத்தார்களா எரித்தார்களா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது இங்கே ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. போன ஆண்டு, மண்டபம் நிறைந்த இராப்போசனத்தில், மினுங்கும் தாளில் அச்சிட்ட மலர் ஒன்று வெளியிட்டார்கள். அதில் பள்ளிக்கூடத்தின் வரலாறு இருந்தது. என் அப்பப்பாவின் படம் இருந்தது; படத்தின் கீழே, சம ஆசனத்துக்காகப் பாடுபட்டவர் என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில், பள்ளிக்கூடத்துக்குத் தீவைத்த கந்தன் என்பவன் தண்டிக்கப்பட்டான் என்று ஒரு வரி. ஆன் விகுதியோடுதான்.

மலரின் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். மரியாதையான மனிதர், என் அப்பப்பாவிடம் படித்தவர்களின் பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தக் காலத்துக் கோட்டுத் தீர்ப்பைப் பாத்துத்தான் எழுதினது, தங்கச்சி," என்றார். "திருத்த வேணுமெண்டா எனக்கு ஒரு ஆதாரம் வேணும். உங்களிட்டை ஏதாவது இருக்கோ?"

"இருந்தது," என்றேன். "என்ரை அப்பப்பான்ரை குரலிலையே இருந்தது."

"அது இப்ப எங்கை?"

"நான்தான் அழிச்சனான்."

அந்தப் பக்கத்தில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் தொலைபேசியை வைக்காமல், "கந்தையா எரிக்கேல்லை" என்றேன்.